பெட்டிக்குள் ஈரம்

கதை விடுகிறேன் என்றுதான் முதலில் என் கணவரும் சொன்னார். இப்போது சொல்வதில்லை. இது என் வீட்டில், பட்டப்பகலில் நடந்தது.

என் மகளுக்கு ஐந்து வயது. பொம்மையை மிதிக்காமல் எங்கள் கூடத்தைக் கடக்க முடியாது. அதனால் பழைய சாமான் கடையில் மூடி போட்ட மரப்பெட்டி ஒன்று வாங்கினேன். எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்து, கார்கள் இடப்பக்கம், கட்டைகள் நடுவில், ரப்பர் பொம்மைகள் வலப்பக்கம் என்று அடுக்கினேன்.

"சோப்புக்கே வாக்கப்பட்டவ நீ" என்றார் கணவர்.

மறுநாள் மூடியைத் திறந்தேன். ரப்பர் வாத்தின் தலை மட்டும் நனைந்திருந்தது. தொட்டால் கொழகொழவென்று நூல் இழுத்தது. எச்சில். புளித்த பால் நாற்றம் வேறு.

மகளைக் கூப்பிட்டேன்.

"இந்த வயசுலயும் வாயில வெக்கிறியா?"

"நான் இல்லம்மா. பாப்பா."

"எந்தப் பாப்பா?"

"பெட்டில இருக்கே, அது."

முதுகில் ஒன்று வைத்தேன். வாத்தை மறுபடி கழுவினேன்.

அடுத்த மூன்று நாளும் அதே ஈரம். மூன்றாம் நாள் வாத்தின் கழுத்தில் இரண்டு பல் தடங்கள். அரிசி அளவுதான். என் மகளுக்கு வாய் நிறையப் பல் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை, மதியம் 2.40. மகள் பள்ளியில். வீட்டில் நான் மட்டும்.

சப்... சப்...

பெட்டிக்குள்ளிருந்து.

எலியாக இருக்கும் என்று துடைப்பத்தோடு போய் மூடியைத் தூக்கினேன். சத்தம் நின்றது. வாத்தின் மேல் எச்சில் வழிந்தது. எடுத்தேன்...

வெதுவெதுப்பாக இருந்தது.

அங்கேயே வாந்தி எடுத்தேன். அன்று மாலையே கணவரோடு பெட்டியைக் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனேன். கடைக்காரர் அதைத் தொடவில்லை.

"சொல்லியிருக்கணும்மா. தப்புதான். முன்ன வெச்சிருந்தவங்க இதுல கைக்குழந்தையப் படுக்க வெச்சிருக்காங்க. மூடி விழுந்துடுச்சு."

"எத்தன மாசம்?"

"நாலு. பல்லுகூட முளைக்கலையேன்னு அந்தம்மா அழுதாங்க."

நான் பார்த்தது இரண்டு பல்.

பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். அடித்ததற்கு மகளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

நேற்றுக் காலை 7.15. பள்ளிக்குக் கிளப்ப அவளை எழுப்பினேன். சட்டையின் தோள் நனைந்திருந்தது.

அதே நாற்றம்...

"அதுக்குப் பல் வலிக்குதாம்மா" என்றாள், தூக்கக் கலக்கத்தில்.

சட்டையை விலக்கினேன்.

கீழே இரண்டு.

மேலே இரண்டு.