மண் கொடுத்த மணி

முன்னறையில் 'ணக்'கென்று ஒரு சத்தம் கேட்டது. சமையலறையில் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த ஸரீனாவுக்கு நெஞ்சே உடைந்ததுபோல் இருந்தது. அவளுடைய பழைய மண்சட்டியை வினோஜா மேசையில் வைத்த சத்தம் அது.

வினோஜா பல்கலைக்கழக ஆய்வுகூடத்துப் பெண். சட்டியையும் ஸரீனாவின் கழுத்து மணியையும் பரிசோதிக்க வாங்கிப் போனவள், இன்றுதான் திரும்பி நாவுலை ஊருக்கு வந்திருந்தாள்.

"அக்கா, இந்தச் சட்டிக்குள்ள ஏதும் எரிச்சனீங்களோ?"

"வெள்ளி ராவுல சாம்பிராணி போடுவேன். தணல் அள்ளிப்போடத் தோதா இருந்திச்சு. ஏன் புள்ள, குத்தமா?"

வினோஜா தலையில் கைவைத்தாள். "சட்டி ரெண்டாயிரம் வருசப் பழசு. உள்ள ஒட்டியிருந்த பிசினும் பழசாக்கும் எண்டு, எந்தக் கப்பல்ல வந்ததோ எண்டு தேடித் திரிஞ்சம்."

"கப்பல்ல இல்ல, மாத்தள பஸ்ஸுல வந்திச்சு."

இருவரும் சிரித்தார்கள். ஸரீனாவின் சிரிப்புத்தான் பாதியில் நின்றது. மணியைப் பற்றி இன்னும் பேச்சில்லையே.

தலைப்பிள்ளையை அடக்கம் செய்த அன்று நகைகளையெல்லாம் கழற்றி எறிந்தவள் அவள். கடையில் வாங்கிய எதையும் இனிப் போடமாட்டேன் என்றிருந்தாள். பிறகொரு நாள், கிணறு வெட்டிய அவள் கணவர் லாபிர் சேற்றுக் கையோடு வந்து சட்டியையும், அதற்குள் கிடந்ததென்று ஒரு மஞ்சள் மணியையும் நீட்டினார். "இது வாங்கினதில்ல ஸரீனா. மண்ணு குடுத்திச்சு." பிள்ளையை எடுத்துக்கொண்ட மண்தானே என்று வாங்கிப் போட்டுக்கொண்டாள். லாபிர் மௌத்தாகி, கணவனை இழந்தவள் நகை போடாதிருக்கும் இத்தாவில் இருந்தபோதுதான் அது முதல் தடவையாகக் கழுத்தை விட்டு இறங்கியது.

மணி பழையதென்றால் அரசாங்கம் கொண்டு போய்விடும். புதியதென்றால் லாபிர் சொன்னது பொய். எதைக் கேட்டு துஆச் செய்வதென்றே அவளுக்கு விளங்கவில்லை.

"மணி அசல் அம்பர் அக்கா, மரப்பிசின் இறுகிக் கல்லானது," என்றாள் வினோஜா. "ஆனா ஓட்டை மெசினால போட்டது. பெருப்பிச்சுப் பாக்க வடிவாத் தெரியுது. உது சட்டிக்குள்ள கிடந்திருக்க ஏலாது. கடையில வாங்கினதுதான். நீங்களே வச்சிருங்கோ. சட்டிய மட்டும் நாங்கள் கொண்டு போறம்."

மணி உள்ளங்கையில் வந்து விழுந்தது. அப்படியானால் அந்தச் சேறு? கடை மணியைச் சேற்றில் புரட்டியா எடுத்து வந்தார்? கண்ணீர் வந்தது, அது கோபமா பாசமா என்று அவளுக்கே தெரியவில்லை. நாலு வார்த்தை ஏசலாமென்றால் ஆளும் இல்லை.

"ஏன் அக்கா அழுறியள்?"

"எங்க மனுசனுக்குப் பொய் சொல்லவே வராதுன்னு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சேன் புள்ள."

வினோஜா சட்டியைத் துணியில் பொதிந்து எடுத்துக்கொண்டாள். வாசலில் தயங்கி நின்றாள். "அவரில கோவமோ?"

"தெரியலயே. நீங்க பாத்துப் போங்க, மழ வருது."

வினோஜா படியிறங்கிப் போனாள். ஸரீனா ஒற்றைக் கையால் கதவைச் சாத்தினாள். மற்றக் கை மணியை விடவில்லை.