நகர்த்திய டேக்

ஆம்பூர் தோல் ஆலைக்கு, ரசாயன அளவு சொல்லும் மென்பொருள் எழுதினேன். எழுபது வயதில் தவறை ஒப்புக்கொள்ளக் கூசியது.

வெளியிட்ட 3.1 பதிப்பில் அமில அளவு பிழை. நிரலில் நாம் வேலை செய்யும் கிளை, வேலையோடு நகரும். வெளியிட்ட பதிப்பின் மேல் ஒட்டும் பெயர்ச்சீட்டான டேக், வைத்த இடத்திலேயே நிற்க வேண்டும். 3.2 என்று புதிதாகப் போடாமல், அதே 3.1 டேக்கைத் திருத்திய நிரலுக்குச் சத்தமில்லாமல் நகர்த்தினேன். ஆலைக் கணினியோ, எண் மாறாததால், முன்பே எடுத்த பிழையான 3.1ஐ மாற்றிக்கொள்ளவில்லை.

மறுநாள் தோல்கள் பாழாகிக் கிடந்தன.

"இன்னா ஷபானா, பழசையே ஓட்டிட்டியா? நாளைலேர்ந்து வராத!" தோல் பதனிடும் டிரம்மை இயக்கியவளிடம் மேலாளர் கத்தினார்.

"3.1தான் சார் ஓட்டினேன், பாருங்க."

என் கணினியின் 3.1 சரியாக இருந்தது. எல்லோரும் அதையே நம்பினார்கள். அவள் டிபன் பையோடு கேட்டை நெருங்கியபோதுதான், "டேக்கை நகர்த்தினது நான்" என்றேன்.

வேலை அவளுக்குத் திரும்பக் கிடைத்தது. ஆனால் இன்றும் நான் எதை அனுப்பினாலும், "சார், அப்புறம் மாத்தலியே?" என்று கேட்காமல் அவள் டிரம்மை ஓட்டுவதில்லை.