மூலஸ்தானத்துக்குப் போய் வந்த நோட்டு

எங்கள் அப்பாவிடம் குடி இல்லை, சூது இல்லை. செத்துப்போன வங்கிகளின் நோட்டுகளைச் சேர்க்கிற விசர் ஒன்றுதான் இருந்தது.

ஒரு காலத்தில் ஆஸ்திரேலியாவில் ஆட்டு ரோமத்தையும் கோதுமையையும் நம்பிக் கிடந்த சின்னப் பட்டணங்களின் வங்கிகள்கூடத் தங்கள் பெயரிலேயே நோட்டு அடித்து வெளியிட்டனவாம். பிறகு மழை பொய்த்துப்போக அவற்றில் பல படுத்துவிட்டன. நோட்டை வைத்திருந்தவன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டான். அந்த நோட்டுகளைத்தான் அப்பா வீட்டுக்காரர் பழசு பட்டை விற்கிற கராஜ் சேல்களிலும் பழைய புத்தகப் பெட்டிகளிலும் துருவித் துருவித் தேடினார். ஊரில் ஒரு வங்கிக் கிளையில் காசாளராக இருந்தவர், சிட்னிக்கு வந்து செக்யூரிட்டி வேலை. காசு எண்ணின கை சும்மா இருக்குமா? கையைக் கழுவித் துடைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு, சின்ன இடுக்கியால் நோட்டைத் தூக்கிப் பிளாஸ்டிக் உறைக்குள் விட்டு, அல்பத்தில் சேர்ப்பார். பக்கத்தில் நின்று நான் தும்மினால் அன்றைக்கு எனக்கு நல்ல ஏச்சு.

"செல்லாக் காசுக்குக் காவல் இருக்கிற மனுசனை எங்கையாவது கண்டிருக்கிறியளோ?" என்று பென்டில் ஹில் வீட்டுக்கு வருகிற எல்லா அன்ரிமாரிடமும் அம்மா கேட்பார். அப்பாவும் சேர்ந்து சிரிப்பார்.

அந்த அல்பத்தில் ராசா ஒன்று இருந்தது. ஐந்து பவுண் நோட்டு. ஒரு பக்கம்தான் அச்சு, மறுபக்கம் வெறும் வெள்ளை. கீழே வங்கி மனேஜர் மைப்பேனாவால் தன் கைப்படப் போட்ட கையெழுத்து. அந்தப் பட்டணத்து நோட்டு உலகத்திலேயே விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான் மிஞ்சியிருக்கிறதாம். பென்ரித் பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர், அவரும் இதே விசர்தான், அதை எந்த விலைக்கும் வாங்க ஆயத்தமாக இருந்தார். அப்பா பல வருடங்களாகப் பிடி கொடுக்கவில்லை.

2009இல், இலங்கையில் யுத்தம் முடிந்த கையோடு, பிடி தளர்ந்தது. அப்பாவின் அக்கா, என் மாமி, வன்னியிலிருந்து தனியாளாக வெளியே வந்து முட்கம்பி போட்ட முகாமுக்குள் அடைபட்டிருந்தார். தாயில்லாத அப்பாவைத் தூக்கி வளர்த்தது அவர்தான். வவுனியாவில் ஒரு ஏஜென்ட், காசு முழுக்கக் கைக்கு வந்தால் மாமியை வெளியில் எடுத்துத் தருவதாகச் சொன்னான். பாதிக் காசுக்கு அசையமாட்டானாம். வீட்டில் இருந்ததை எல்லாம் வழித்துத் துடைத்துப் பார்த்தும் பெரிய துண்டு விழுந்தது. அப்பா கிழவருக்குப் போன் எடுத்தார். கிழவர் சொன்ன விலை அந்தத் துண்டை அப்படியே அடைக்கப் போதுமானதாக இருந்தது.

சனிக்கிழமை போவதாக ஏற்பாடு. "இஞ்சேருங்கோ, மேய்ஸ் ஹில்லில முருகனிட்ட ஒருக்கா வச்சுப்போட்டுக் கொண்டு போங்கோ" என்றார் அம்மா. எங்கள் ஆட்களுக்கு இது புதிதில்லை. புதுக் கார்த் திறப்புக் கொத்து, பாஸ்போர்ட், விசாப் பத்திரம் எல்லாமே முருகனைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போகும். அப்பா ஓம் என்றார்.

கோயிலில் கார் விட இடமில்லை. எங்களை வாசலில் இறக்கிவிட்டு அவர் இடம் தேடிப் போக, அம்மாவுக்குப் பொறுமை இல்லை. அர்ச்சனைத் தட்டத்தில் தேங்காய், பழம், வெற்றிலை. அதன் மேல் நோட்டு. வைப்பதற்கு முன்பு ஒரு கணம் யோசித்து, உறையிலிருந்து நோட்டை வெளியே எடுத்தார். சாமிக்குப் போய் பிளாஸ்டிக்கைச் சுற்றியா கொடுப்பது?

ஐயர் பேர் நட்சத்திரம் கேட்டார். அம்மா மாமியின் பேரையும் நட்சத்திரத்தையும் சொல்லும்போதே அழுதுவிட்டார். ஐயருக்கு மனம் இளகியிருக்க வேண்டும். தட்டம் மூலஸ்தானத்துக்குள் போய்த் திரும்பி வந்தபோது, நோட்டின் மேல் ஈரப் பூக்கள். மனேஜரின் கையெழுத்துக்கு மேலே தாராளமாக ஒரு சந்தனப் பொட்டு. அதன் நடுவில் குங்குமம்.

அப்பா அப்போதுதான் உள்ளே வந்தார். தட்டத்தைப் பார்த்தார். நான் தும்மினதற்கே ஏசுகிற மனுசன் ஆயிற்றே. அவரோ பூவை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"இனி எல்லாம் சரிவரும், பாருங்கோ" என்றார் அம்மா. அவருக்கு நர்சிங் ஹோமில் பின்னேர வேலை. ஒரு அன்ரியின் காரில் ஏறிச் சந்தோசமாகக் கைகாட்டிக்கொண்டு போனார்.

அப்பாவும் நானும் பென்ரித் போனோம். கிழவர் தேத்தண்ணி தந்து உபசரித்துவிட்டு, பூதக்கண்ணாடியை எடுத்து நோட்டின் மேல் குனிந்தார். சிவப்பு அதற்குள் தாளில் ஊறிப் பரவி, கையெழுத்து கலங்கிப் போயிருந்தது. பாவம், அவருக்கே அழுகை வரும் போலிருந்தது. கழுவினால் இருப்பதும் போய்விடும் என்றார். யார் இந்த வேலையைச் செய்தது என்று கேட்டார். நான் அம்மா என்று சொல்ல வாயெடுக்கிறேன், அப்பா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தானே செய்ததாகச் சொன்னார். கிழவர் அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நாயைக்கூட ஒருவரும் அப்படிப் பார்க்கமாட்டார்கள். பிறகு, சொன்ன விலையில் கால்வாசிதான் தரமுடியும் என்றார். அப்பா வாங்கிக்கொண்டார்.

இரவு அம்மா வேலையால் வந்து செருப்பைக் கழற்ற முன்பே கேட்டார், "வித்தாச்சோ?"

"ஓம். முழுக்காசும் தந்தவர்."

"நான் சொன்னன்தானே! முருகன் கைவிடமாட்டான்."

எனக்கு ஆத்திரம் பொங்கியது. ஒரே நாளில் இரண்டு பொய்! பள்ளிக்கூடத்தில் பொய் சொன்னால் பிரின்சிபல் வரைக்கும் போகும். அம்மாவின் வாய்க்குப் பயந்துதான் இந்த மனுசன் இப்படிப் புளுகுகிறார் என்று எனக்குள் தீர்மானித்துக்கொண்டேன். நான் சொல்லிவிடுவேனோ என்று அவர் என்னைப் பார்த்த பார்வையும் அதற்குத் தோதாக இருந்தது.

அடுத்த கிழமை அல்பம் முழுவதும் கிழவரிடம் போனது. ஆசை விட்டுப்போச்சு என்று அம்மாவிடம் சொன்னார். அப்பாடா, விசர் தீர்ந்தது என்று அம்மா சிரித்தார். அதுவும் போதவில்லை. அப்பா பகலிலும் ஒரு செக்யூரிட்டி வேலை பிடித்தார். வீட்டுக்கு வந்தால் காலில் இருக்கிற சப்பாத்தைக் கழற்றாமலே தூங்கிப்போவார். ஊருக்குக் காசு அனுப்புகிற விசயமெல்லாம் அவர் கையில்தான் என்பதால் அம்மா எதையும் துருவவில்லை. காசு போய்விட்டது, மச்சாள் இன்றைக்கு வருவா, நாளைக்கு வருவா என்று மாமிக்காக நடு அறையில் புதுப் படுக்கை விரிப்பெல்லாம் போட்டு வைத்திருந்தார். வெளியில் எடுத்த உடனே இங்கே கொண்டுவர இது என்ன பஸ்ஸா என்று கேட்க யாருக்கும் மனம் வரவில்லை.

அங்கே மழை. முகாமுக்குள் வெள்ளம் ஏறினது, மலக்குழிகள் நிரம்பி வழிந்தன என்று செய்திகள் வந்துகொண்டிருந்தன. காசு முழுக்கச் சேர இன்னும் கொஞ்சம்தான் இருந்தபோது, அங்கிருந்து ஒருவர் போன் எடுத்தார். வயிற்றோட்டமும் காய்ச்சலுமாம். மாமி போய்விட்டார்.

அம்மா குசினியில் அடுப்புக்கு முன்னால் நிலத்தில் விழுந்து தலையில் அடித்துக்கொண்டு கத்தினார். "முழுக்காசையும் வாங்கிப்போட்டு ஏமாத்திப்போட்டானே பாவி! அவன் நாசமாய்ப் போவான், அவன்ர குடி விளங்காது!"

அப்பா கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஓம்" என்றார். "ஏமாத்திப்போட்டான்."

இது இன்னொரு பொய். அந்த ஏஜென்டுக்கு ஒரு சதம்கூட இன்னும் போகவில்லை என்பது அந்த வீட்டில் அப்பாவுக்குத் தெரியும், பின்னேரங்களில் அவர் போனில் அவனிடம் இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்லிக் கெஞ்சுவதைக் கேட்டுக்கொண்டிருந்த எனக்குத் தெரியும். அம்மா இன்றைக்கும் அந்த ஏஜென்டைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறார். தான் ஆசையாக வைப்பித்த ஒரு பொட்டை அவர் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. நினைக்க அப்பா விடவில்லை.

அன்றைக்கு இது ஒன்றும் எனக்கு விளங்கவில்லை. தன்னை வளர்த்த அக்காவைப் பறிகொடுத்துவிட்டு அந்த மனுசன் என் அறைக்கு வந்து கட்டில் ஓரத்தில் இருந்தார். அவருக்கு மனம்விட்டு அழ, உண்மை தெரிந்தவள் என்று அந்த வீட்டில் நான் ஒருத்திதான் இருந்தேன். பத்து வயது எனக்கு. பொய் சொல்லுகிற அப்பாவோடு நான் கோபம் என்று சொல்லிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.