ஜாக் இறங்கின காருக்குக் கீழே

ஜாக் இறங்கிவிட்டது. காரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தபோதே இறங்கியது. கராஜ் வைத்திருப்பவர்களே, இதற்கு மேல் உங்களுக்கு விளக்கம் வேண்டாம். 

குற்றி

மருதனார்மடத்தில் என் கராஜில் ஒரு சட்டம். ஜாக் தூக்குவதற்கு, தாங்குவதற்குப் பனைமரத் துண்டான பனங்குற்றி. சில்லு உருளாமல் கல் அடைகொடுத்து, காருக்கடியில் குற்றி வைத்த பிறகுதான் ஆள் கீழே போகலாம். அன்றைக்கு வந்தது பழைய ஒஸ்டின் கார். சொந்தக்காரர் ஓய்வுபெற்ற வாத்தியார். "ஜாக்கிலை நம்பிக்கை இல்லையோ?" என்று நக்கல் வேறு. நான் குற்றியைத் தள்ளி வைத்தேன்.

தவம் கீழே போய்ப் படுத்தான். இருபது வருஷமாக என்னோடு நிற்கிற மெக்கானிக். கொஞ்ச நேரத்தில் கார் மெல்ல மெல்ல இறங்கிக் குற்றியில் குந்தியது. ஒரு கீறலும் இல்லை.  தவம் ஊர்ந்து வெளியே வந்து, உடுத்திருந்த சாரத்தில் மண்ணைத் தட்டினான்.

"அண்ணை, குத்தி பிடிச்சது. உங்கடை ஜாக் பிடிக்கேல்லை."

ஒயில்

ஜாக்கில் ஒயில் குறைந்திருக்கும் என்று நினைத்தேன். "பிறேக் ஒயில் விடுங்கோ, அதுவும் ஒயில்தானே" என்றார் அங்கே நின்ற ஒரு ட்ரக்டர்காரர். பிறேக் ஒயில் ஜாக்கின் றப்பரைத் தின்றுவிடும். அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டேன். ஜாக் ஒயிலே விட்டேன். உள்ளே நின்ற காற்றை எடுத்தேன். தூக்கிப் பார்த்தேன். பால் விடாத ஒரு பிளேன்ரீ குடித்து முடிக்கமுன் இரண்டு விரல் இறங்கியது.

புதிது வாங்கலாமே என்பீர்கள். காரணம் தெரியாமல் வாங்கினால் அதுவும் இறங்கும். ஒஸ்டின் மூன்று நாள் குற்றியிலேயே கிடந்தது. அடுத்த சந்திக் கராஜ்காரர் தவத்தை வேலைக்குக் கேட்டு ஆளனுப்பியதும் எனக்குத் தெரியும். தவம் என்னிடம் நேரே சொன்னான்.

"கோவிக்காதேங்கோ அண்ணை. ஏன் இறங்கினது எண்டு தெரியாமல் இனிக் கீழை போகமாட்டன். எனக்கும் மனிசி பிள்ளையள் இருக்கு."

பொட்டு

கடைசியில் அவனே ஜாக்கைக் கழற்றினான். காரைத் தூக்க மேலெழும் இரும்புத் தண்டைச் சுற்றியிருக்கும் றப்பர் வளையம் கீறுப்பட்டுக் கிடந்தது. ஓரமெல்லாம் காய்ந்த சந்தனம், குங்குமம். எனக்கு விளங்கிவிட்டது. ஆயுதபூசைக்குத் தண்டை முழுதாக உயர்த்தி, எல்லோரும் பார்க்கட்டும் என்று அதிலே சந்தனம் பூசிப் பொட்டு வைத்தது நான். பூசை முடியத் துடைக்காமல் அப்படியே இறக்கியதும் நான். காய்ந்த சந்தனம் வளையத்தில் உரசினது, மண் போட்டு அரைத்தமாதிரித்தான். ஏசுவதற்கு வேறு ஆளில்லை. "பிழை என்ரை" என்றேன். 

தவம் சிரிக்கவில்லை. தண்டைத் துடைத்து, புது வளையம் போட்டு, தண்டை இறக்கிவைத்தே ஒயில் விட்டு, காற்றெடுத்தான். அதே ஒஸ்டினைத் தூக்கி உயரத்தைச் சோக்குக் கட்டியால் குறித்தான். மத்தியானச் சாப்பாடு முடித்து வந்து பார்த்தோம். நூலளவும் இறங்கவில்லை. கல்லும் குற்றியும் சரிபார்த்துவிட்டு, நான் சொல்லாமலே கீழே போனான். "இப்ப நம்பிக்கையோ?" என்று கேட்டார் வாத்தியார். காருக்கடியிலிருந்து குரல் வந்தது.

"ஓம் மாஸ்ரர். வாற வருஷம் அண்ணை பொட்டை ஜாக்கின்ரை கைப்பிடிக்கு வைச்சால் சரி."

ஜாக்கைப் பற்றி ஊருக்கெல்லாம் புத்தி சொல்லுகிறவன் நான். அதைத் திருத்தினவன், என் கராஜை விட்டு எங்கும் போகாத தவம்.