கோயிலுக்குப் போன முதல் எடுப்பு

எங்கள் கட்டுரையை அச்சிடுவதாக மதராஸ் விவசாய இதழிலிருந்து கடிதம் வந்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய் ஆராய்ச்சிப் பண்ணையில் என் பதவியின் பெயர் ‘கம்ப்யூட்டர்’. கைப்பிடி சுற்றும் கணக்கு மெஷினில் எடைகளைப் போட்டுச் சராசரி எடுக்கிற ஆளுக்கு ஐம்பதுகளில் அதுதான் பெயர். புது மருந்து அடித்த பாத்திகளில் காய் அமோகம் என்பது கட்டுரை. அதை வைத்து எங்கள் ஆபீசருக்கு மேல்பதவி வரும் என்று பேச்சு. அவர் தன் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரையும் போட்டிருந்தார்.

எல்லோருக்கும் அல்வா கொடுத்தேன். காய் எடுக்கும் பேச்சியக்கா என்ன விசேஷம் என்று கேட்டார். மருந்து அடிக்காத பாத்தியில் காய் குறைவு என்று கண்டுபிடித்துவிட்டோம் என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

“கொறையாம என்ன செய்யும் தம்பி? மொத எடுப்பு சாமிக்குல்ல போகும். மருந்தடிச்ச காயச் சாமிக்குக் குடுப்பாகளா? மருந்து படாத பாத்திக் காயத்தான் கொண்டுபோனோம்.”

அல்வாத் தட்டைக் கீழே வைத்தேன். அந்தப் பாத்திகளின் முதல் எடுப்பு தராசுக்கே வரவில்லை. மெஷின் தப்பே செய்யாமல் தப்பான விடையைக் கொடுத்திருக்கிறது.

ஓடிப்போய் ஆபீசரிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

“இதப் படிச்சிட்டு எவனாவது கடன் வாங்கி மருந்து வாங்குவான். அவன் மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது? ஜீப்ப எடுக்கச் சொல்லுய்யா.”

தந்தி ஆபீஸ் மூடுவதற்குள் போடி போய்ச் சேர வேண்டும். வளைவுக்கு வளைவு ஜீப்பு சீறியது. பயமாகவும் இருந்தது, குஷியாகவும் இருந்தது. ‘அச்சிட வேண்டாம். எடையில் பிழை’ என்று தந்தி அடித்தோம். அச்சுக்கோத்த பக்கத்தைக் கலைத்துவிட்டதாகப் பதில் வந்தது.

அடுத்த வருடம் சாமிக்கென்று தனிப் பாத்தி விட்டுவிட்டு, சோதனையை முதலிலிருந்து செய்தோம். மருந்தால் சொல்லும்படியான பலன் இல்லை. ஆபீசர் அதையே எழுதினார், முந்தின வருடத்துப் பிழையையும் சேர்த்து. மேல்பதவி வேறொருவருக்குப் போனது.

கம்ப்யூட்டர் சயன்ஸில் கட்டுரை எழுதும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: எண்கள் எங்கிருந்து வந்தன என்று விசாரித்துவிட்டு எழுதுங்கள். பிழை தெரிந்தால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். அச்சில் வந்த என் முதல் கட்டுரை ‘பலன் இல்லை’ என்கிறது. இதழ் கைக்கு வந்ததும் தபால்காரரைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.