விளக்கணைக்கும் அருளையா

ஹெலிகொப்டர்ச் சத்தம் கேட்டதும் அருளையா தன் வான் வண்டியின் முகப்பு விளக்குகளை அணைத்துவிடுவார். துறைமுக வீதியோ பொலித்தேயாமாச் சதுக்கமோ, அவருக்கு எல்லாம் ஒன்றுதான். கை தானாகப் போகும். விளக்கு அணைந்த பிறகுதான் அவருக்கே தெரியும். பின்னால் வருகிறவன் ஹோர்ன் அடிப்பான், கையை வெளியே நீட்டி ஏசுவான். அருளையா அவனுக்குக் கையசைத்து வணக்கம் சொல்லுவார்.

இத்தாலியில், பலெர்மோவுக்கு மேலே பொலிஸ் ஹெலிகொப்டர் அடிக்கடி சுற்றும். மன்னாரிலும் ஹெலிகொப்டர் சுற்றியது. அங்கே அது வெளிச்சத்தைப் பார்த்துச் சுட்டது. இந்த வித்தியாசத்தை அவருக்குப் பலமுறை விளக்கியிருக்கிறேன்.

"எனக்குத் தெரியும் தம்பி. கைக்குத் தெரியாது" என்பார்.

ஒருமுறை போக்குவரத்துப் பொலிஸ்காரர் மறித்து, ஏன் விளக்கில்லை என்று கேட்டார். அருளையா ஒரு விரலை மேலே காட்டி, "எலிகொத்தெரோ" என்றார். பொலிஸ்காரர் அண்ணாந்து பார்த்தார். அருளையாவைப் பார்த்தார். மறுபடி அண்ணாந்து பார்த்தார். பிறகு புத்தகத்தை மூடிக்கொண்டு, போகச் சொன்னார்.

"பயந்திட்டான்" என்றார் அருளையா.

வயது ஐம்பத்தெட்டு. மன்னாரில், பேசாலையில் மீன் பிடித்தவர். இப்போது பலெர்மோவின் போர்கோ வெக்கியோப் பகுதியில் ஓர் அறையில் இருக்கிறார். காலையில் மூன்று மாடிக்கட்டடங்களின் படிகளைக் கழுவுகிறார். மிச்ச நேரத்தில் வான் ஓட்டுகிறார். எங்கள் ஆட்களின் ஞானஸ்நானம், கலியாணம், விசாவுக்காக விடியற்காலையில் குவெஸ்தூராப் பொலிஸ் அலுவலக வாசலில் வரிசை பிடிப்பது, எல்லாவற்றுக்கும் அந்த வான்தான். மேல்மாடி மாக்கிரட் அக்கா சொல்லுவார்: "இவரோடை எயாப்போட்டுக்குப் போகாதேங்கோ. இவரைப் பாத்துப் பிளேனும் லைற்றை அணைச்சுப்போடும்."

இருக்கையில் நான்காக மடித்த துவாய். முன்கண்ணாடியில் மடு மாதா படம், ஆனால் முகம் வெளியே பார்க்க. "அவ ரோட்டைப் பாக்கட்டும். என்னைப் பாத்து என்ன செய்யப்போறா?" உள்ளே இருக்கும் எங்களுக்குத் தெரிவது படத்தின் பின்பக்க அட்டை மட்டும்.

பின்பக்கம் ஒரு சாக்குக்குள் பனிச்சங்கிலி கிடக்கும். பல்லரோச் சந்தையில் வாங்கியது. பலெர்மோ வீதிகளில் சங்கிலி கேட்கிற அளவுக்குப் பனி விழுவதில்லை. வாங்கும்போது அது என்னவென்றே அவருக்குத் தெரியாது. "வானுக்கும் ஒரு நங்கூரம் வேணுமெல்லே" என்றார். பனியில் வழுக்காமலிருக்கச் சக்கரத்தில் சுற்றுவது என்று நான் சொன்ன பிறகும் அது நங்கூரம்தான். வீதியின் ஓரம் அவருக்குக் கரை. நிறுத்துவது கரை தட்டுவது.

நான் வாகன மின்வேலை படித்தவன். ஒரு பட்டறையில் விளக்குப் பகுதி என் பொறுப்பு. அருளையா இருட்டில் ஓடித் திரிவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. 1995 கார்த்திகையில் கூரையின் முன்விளிம்பில் நூறு வாட் ஹலஜன் விளக்குகள் இரண்டு பூட்டினேன். தனி ரிலே, தனி பியூஸ், தனிச் சுவிச். சுத்தமான வேலை. அருளையா ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"மாட்டுக்குக் கொம்பு முளைச்ச மாதிரிக் கிடக்கு, இஞ்சினியர்."

ஞாயிறுதோறும் பூசைக்கு முன் இரண்டையும் துடைத்தார். ஒருநாளும் போடவில்லை.

என் அம்மா யோசப்பின், பெத்ராலியா என்ற மலையூரில் வயதான ஓர் இத்தாலியச் சிஞ்ஞோராவைப் பராமரித்துக்கொண்டு அந்த வீட்டிலேயே இருந்தார். மாதம் ஒருமுறை அருளையா அவரைக் கூட்டிக்கொண்டு வருவார். வானில் ஏறும்போதெல்லாம் அம்மா கேட்பார்:

"என்ர பிள்ளை பூட்டின லைற்றை ஒருக்காப் போட்டுக் காட்டன், அருளையா."

"போடுறன் அக்கா. என்ன அவசரம்?"

"நான் சாகமுன்னம் போடு."

"அப்ப கனகாலம் கிடக்கு."

1996 ஜனவரியில் ஒருநாள் இரவு ஒன்பது மணிக்கு சிஞ்ஞோரா தொலைபேசியில் அழுதார். அம்மாவுக்கு மாரடைப்பு. டொக்டர் பக்கத்தில் இருக்கிறார். பனியால் அம்புலன்ஸ் மலையேற முடியவில்லை. விடியுமட்டும் தாங்காது, உடனே வா. அருளையாவின் கதவைத் தட்டிச் சொன்னேன். அவர் சாரத்துக்கு மேலேயே காற்சட்டையை இழுத்து மாட்டிக்கொண்டு இறங்கி வந்தார்.

நெடுஞ்சாலையை விட்டு மலைவீதிக்குத் திரும்பியபோது பனி கொட்டிக்கொண்டிருந்தது. நங்கூரத்தைச் சக்கரங்களில் சுற்றினோம். நான் சுவிச்சைத் தட்டினேன். என் இரண்டு விளக்குகளும் முதல்முறையாக எரிந்தன.

வீதி மறைந்துபோனது.

முன்னால் ஒரு வெள்ளைச் சுவர். விழுகிற ஒவ்வொரு பனித்துகளும் வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்பும். விளக்கு கண்ணுக்குக் கிட்ட இருந்தால், திரும்புகிற வெளிச்சம் நேரே கண்ணுக்குள் வரும். நான் பூட்டியது கண்ணுக்கு இரண்டு சாண் மேலே. இதையெல்லாம் பரீட்சையில் எழுதிப் புள்ளி வாங்கியவன் நான். அன்றைக்கு எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: இன்னும் வெளிச்சம் வேண்டும்.

"முன் லைற்றையும் பெரிசாப் போடுங்கோ!"

போட்டார். சுவர் இன்னும் கிட்ட வந்தது. அருளையா வானை நிறுத்தினார். எல்லா விளக்கையும் அணைத்தார்.

"என்ன செய்யிறியள்? இஞ்சையும் ஹெலிகொப்டரே?"

"கத்தாதை. கண்ணை மூடி ஒரு அருள்நிறைந்த மரியே செபம் சொல்லு. பிறகு திற."

சொன்னேன். திறந்தேன். நிலத்துப் பனியின் வெளிறலில் வீதியோரக் கம்பங்கள் கறுப்பாகத் தெரிந்தன. ஒன்று, இரண்டு, மூன்று. அருளையா முன்னாலுள்ள சின்னப் பக்க விளக்குகளை மட்டும் போட்டார். இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு டோர்ச்சை எடுத்துத் தந்தார். ஒலிவ் எண்ணெய் டின்னை வெட்டி அதற்கு ஒரு மறைப்புச் செய்து வைத்திருந்தார்.

"கதவைத் திறந்து கீழை குந்து. முழங்காலுக்குக் கீழை பிடி. கண்ணுக்குக் கிட்டப் பிடிச்சா லைற்றைத்தான் பாக்கலாம், கடலைப் பாக்கேலாது."

"இது கடலில்லை."

"எனக்குத் தெரியும். கைக்குத் தெரியாது."

பக்கக் கதவடியில் குந்தியிருந்து டோர்ச்சைச் சக்கரத்தின் உயரத்தில் நீட்டினேன். ஓரக்கல் தெரிந்தது. "கரை கிட்ட", "கரை தள்ளி" என்று நான் சொல்லச் சொல்ல அவர் ஓட்டினார். பதினெட்டுக் கிலோமீற்றர், மூன்று மணித்தியாலம். ஆள் நடக்கிற வேகம். இடையில் ஒருதரம்தான் வாய் திறந்தார். "கை விறைச்சா சொல்லு, மாத்துவம்." கை விறைத்துத்தான் இருந்தது. சொல்லவில்லை.

இரண்டு பத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அம்மா விழித்திருந்தார். என் கையைப் பிடித்து, அதன் குளிரைப் பார்த்து, போர்வைக்குள் இழுத்து வைத்துக்கொண்டார். பிறகு வாசலில் தலையெல்லாம் பனியோடு நின்ற அருளையாவைப் பார்த்தார்.

"லைற்றுப் போட்டனியோ?"

அருளையா என்னை ஒருமுறை பார்த்தார். "இல்லை அக்கா."

"என்ர பிள்ளையை இருட்டுக்குள்ளையோ கூட்டிக்கொண்டு வந்தனீ?"

"அடுத்தமுறை போடுறன்."

அம்மா சிரித்தார். மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கப் போய்விட்டார். எனக்கு நாற்பது நிமிடம் கிடைத்தது.

அருளையா அந்த இரவைப் பற்றிக் கதைப்பதில்லை. ஆனால் புது ஆட்களிடம் என்னை அறிமுகப்படுத்தும் விதம் மாறியிருக்கிறது. "இவர் லைற்றுப் படிச்சவர். வடிவா ரோட்டை மறைப்பார்." கூரை விளக்குகளைக் கழற்றித் தரச் சொல்லிக் கேட்டுப்பார்த்தேன். "கிடக்கட்டும். கொம்பில்லாட்டி வான் மொட்டையாப் போகும்" என்றுவிட்டார். இன்றும் ஞாயிறுதோறும் துடைக்கிறார். இன்றும் ஹெலிகொப்டர்ச் சத்தம் கேட்டால் விளக்கை அணைக்கிறார். இன்றும் பின்னால் வருகிறவனுக்குக் கையசைக்கிறார்.

அம்மாவின் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து கடலோரக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். நடுப்பகல். ஒரு மேகமும் இல்லை. அருளையா வானை வாசலுக்கு நேரே, முகம் உள்ளே பார்க்க நிறுத்தினார். கூரை விளக்குகள் இரண்டையும் போட்டார். அந்த வெயிலில் அவை எரிவது கிட்டப் போய் நின்று பார்த்தால்தான் தெரியும்.

நான் பூக்களோடு இறங்கி நடந்தேன். துறைமுகப் பக்கத்திலிருந்து ஒரு ஹெலிகொப்டர் வந்தது. திரும்பிப் பார்த்தேன். அருளையாவின் வலது கை சுவிச்சுவரை போய்விட்டிருந்தது. அவர் அதை இடது கையால் பிடித்து இழுத்து மடியில் வைத்து, சத்தம் தூரத்தில் தேயும்வரை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.