ஆன்டேர்ஸ் அளந்த நிலம்

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு தங்கை வீடு இருக்கும் ரொம்மனிலிருந்து ஹவுகன்ஸ்டுவா ரயில் நிலையத்துக்கு நடந்து வந்தோம். நான் மன்னாரிலிருந்து ஒஸ்லோ வந்து ஒரு வாரமாகிறது. என் தங்கை ரெஜினா இங்கே நில அளவையாளர். போன தேர்தலில் தன் பகுதிச் சபைக்கும் தெரிவானவள்.

அன்று ஒரு பண்ணையில் பேச அவளை அழைத்திருந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே பிறந்த ஆன்டேர்ஸ் என்பவர் அமெரிக்காவுக்குக் கப்பலேறி, மினசோட்டாப் புல்வெளிகளை அளந்து, பிறகு அந்த மாநிலச் சட்டசபையில் அமர்ந்தவர். அவருக்கு நினைவுப் பலகை திறக்கிறார்கள்.

ரயிலில் ரெஜினா தன் பேச்சுத் தாளையே திரும்பத் திரும்பப் புரட்டினாள்.

"என்ன பிள்ளை, பயமோ?"

"ஓம் அண்ணை. அவர் அளந்த காணியிலை முதலே சனம் இருந்தது. அதைச் சொல்லாமல் எப்பிடிப் புகழுறது?"

அவள் கணவர் யூட் பதறினார்: "கூப்பிட்ட வீட்டிலை போய் இதைக் கதைக்கிறதோ?"

லில்லெஸ்த்ரோமில் இறங்கிப் பேருந்தில் அரை மணி நேரம். அறுவடை முடிந்த பார்லி வயல், சிவப்புக் களஞ்சியம், கோப்பி மணம். ஆன்டேர்ஸின் தம்பி வழி வந்த சிக்ரிட் அம்மையார் வாசலில் நின்று கைகொடுத்தார். களஞ்சியத்துக்குள் ஐம்பது பேராவது இருப்பார்கள்.

ரெஜினா நோர்வேஜிய மொழியில் பேச, யூட் என் காதில் தமிழில் சொன்னார். பண்ணைக் கூலியாக இருந்தவர், சதுப்பில் இடுப்பளவு நீரில் அளவைச் சங்கிலி இழுத்தவர், சட்டசபையில் அவருடைய ஆங்கிலத்தைக் கேட்டு மற்றவர்கள் சிரித்தபோதும் உட்காராமல் பேசித் தன் ஊருக்குப் பாதை கேட்டு வாங்கியவர். கேட்டிருந்தவர்களின் முகம் மலர்ந்தது. பிறகு அவள் குரல் தாழ்ந்தது. "அவர் அளந்த நிலத்தில் டகோட்டா பழங்குடி மக்கள் வாழ்ந்தார்கள். துரத்தப்பட்டார்கள். இந்தப் பலகையில் அவர்கள் இல்லை."

எல்லோரும் கோப்பிக் கோப்பைகளைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தார்கள். சிக்ரிட் முகம் சிவக்க எழுந்து ரெஜினாவிடம் போனார். எங்களை வெளியே போகச் சொல்வார் என்றே நினைத்தேன். அவர் பேசியதை யூட் என் பக்கம் குனிந்து சொன்னார்.

"ரெஜினா சொன்னது சரியாம், அத்தான். தங்கடை வீட்டிலை ஒருத்தரும் இதைக் கதைக்கிறேல்லையாம். பலகையிலை சேர்ப்பமாம். வசனத்தை ரெஜினாவே எழுதித் தரட்டாம்."

பலகையின் மேலிருந்த துணியை அன்று சிக்ரிட் அகற்றவில்லை.

திரும்பும் ரயிலில் ரெஜினா கேட்டாள்: "என்ரை நோர்ஸ்க் பாஷை பிழைச்சதோ, அண்ணை?"

"எனக்கென்ன விளங்கும்? ஆனால் ஒருத்தரும் இருமக்கூட இல்லை."

அவள் சிரித்தாள், பிறகு கண்ணைத் துடைத்தாள்.

நாளை எனக்கு விமானம். நோர்வேயில் என்ன பார்த்தாய் என்று மன்னாரில் கேட்பார்கள். பனிமலைக்குப் போகவில்லை. என் தங்கை எழுந்து பேச, ஒரு களஞ்சியம் நிறைந்த சனம் மூச்சடக்கிக் கேட்டதைப் பார்த்தேன் என்பேன்.